நடக்கத் தெரிந்த கார்

எனக்குக் கார் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது முழுக்கக் கார்களைப் பற்றித்தான். இரண்டு கார்கள். இரண்டும் அமெரிக்காவில் பெரிய பணக்காரர்களுக்கென்று செய்தவை. எந்தப் பாவத்துக்கோ இரண்டும் எங்கள் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்று என் கணவருடையது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நின்றது. மற்றது அவருடைய தம்பியுடையது. மாமல்லபுரத்தில் அவர் நடத்திய தங்கும் விடுதியின் வாசலில் நின்றது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். இரண்டைப் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று கேட்பதே என் பிழைப்பு. அதனால் என்னால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

என் கணவருடைய கார் பச்சை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு செய்த வண்டி. மூக்கு அவ்வளவு நீளம், ஓட்டுகிறவருக்குத் தெருவில் குறுக்கே போகும் ஆடு தெரியாது. முன்னால் வரிசையாக வெள்ளிப் பல். பின் இருக்கையில் மூன்று பேர் கால் நீட்டித் தூங்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தொழிலை விட்டுவிட்ட ஒரு கல்யாண காண்ட்ராக்டரிடம் அதை வாங்கினார். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். அவரிடம் ஏற்கெனவே இரண்டு வேன் ஓடிக்கொண்டிருந்தன. வயிறு வேனால் நிறைந்தது, கார் ஆசைக்கு.

மாப்பிள்ளை அழைப்பு என்றால் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாகக் கூட்டி வருவது. மேளம் முன்னால், கார் பின்னால். ஊரே மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஆளிடம் ஏதாவது குறை இருந்தால் தெரிந்தவர்கள் வாயைத் திறக்க அதுதான் கடைசி வாய்ப்பு என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே அதற்கு மூடிய கார் உதவாது.

வாங்கியபோது பச்சைக் காருக்குக் கூரை இருந்தது. அது அவருக்கு ஒரு குறையாகப் பட்டது. பைபாஸ் ரோட்டில் இருந்த ஒரு வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய், கேஸ் வைத்து, கழுத்தோடு அறுத்து எடுத்துவிட்டார். வெட்டிய கூரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டு எங்கள் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியானது. கூரை போனதும் வண்டியின் உடம்பு நடுவில் தொய்ந்தது. நான்கு கதவுகளும் சாத்த மறுத்தன. மறுபடி பட்டறை, அடியில் இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தார்கள். அப்புறம் பெட்ரோல் குடிக்கிறது என்று அந்த எட்டு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய வேனின் டீசல் இன்ஜினை வைத்தார். அதோடு வண்டிக்கு அரவை மில் சத்தம் வந்துவிட்டது.

"இதுக்கு நீங்க ஒரு மாட்டு வண்டி வாங்கியிருக்கலாமே" என்றேன்.

"உனுக்கு இன்னா தெரியும்? டீசல் போட்டப்புறம் முதல் கியர்ல வுட்டா, காலை எடுத்துட்டு உக்காந்துகினு இருந்தா போதும். தானா நடக்குது. மேளக்காரன் நின்னா நிக்கலாம், நடந்தா நடக்கலாம்."

அது உண்மைதான். ஊர்வலத்தில் கார் ஓடக் கூடாது, நடக்க வேண்டும். நாதஸ்வரக்காரர் ஒரு கடை வாசலில் நின்று கால் மணி நேரம் வாசிப்பார். யாரோ ஒரு மாமா அவர் மேல்துண்டில் ரூபாய் நோட்டைக் குத்துவார், மறுபடி வாசிப்பார். அவ்வளவு நேரமும் இன்ஜின் சூடாகாமல், அணையாமல், குலுங்காமல் பின்னால் நின்று, பிறகு அவர்கள் குதிகாலை இடிக்காமல் நகர வேண்டும். பச்சைக் கார் அதைச் செய்தது. மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், காஞ்சிபுரம் ரோடு என்று நூற்றுக்கணக்கான மாப்பிள்ளைகளைச் சுமந்தது. அவர் வேறு டிரைவர் வைக்கவில்லை. அரைக்கைச் சட்டை ஒன்று அதற்கென்றே வைத்திருந்தார், அவரேதான் ஓட்டினார்.

ஒவ்வொரு ஊர்வலமும் முடிந்து வந்து, இருக்கை இடுக்கில் சிக்கிய பூவிதழ்களைப் பொறுக்கிக்கொண்டே ஒன்றையே சொல்வார். "எம்பொண்ணு கல்யாணத்துல எம்மாப்பிள்ளை இதுலதான் வரணும்." அப்போது எங்கள் பெண் மூன்றாம் வகுப்பு. ஒரே பெண். நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார். வீடு கட்ட வேண்டும், திருப்பதி போக வேண்டும் என்றெல்லாம் அந்த மனிதர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. வாழ்க்கையிடம் அவர் கேட்டு வைத்திருந்தது இந்த ஒன்றுதான். அவள் வளர வளர வாக்கியம் மாறவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் அவசரமானது.

தம்பியின் கார் வந்தது இரண்டாயிரத்தை ஒட்டி. வெள்ளை. எழுபதுகளில் செய்தது. சென்னையில் ஏதோ ஒரு தூதரகத்துக்காரர் விட்டுப் போனது என்று கேள்வி. பச்சைக்கும் வெள்ளைக்கும் இடையே கால் நூற்றாண்டு. அதற்குள் அமெரிக்காவில் பணக்காரர்களின் ஆசையே மாறிப்போயிருந்தது தெரிந்தது. பச்சைக் கார் உள்ளே உட்கார்ந்திருப்பவரை ஊருக்குக் காட்டச் செய்தது. உயரமான இருக்கை, அகலக் கண்ணாடி, ஏறி இறங்கப் படி. வெள்ளைக் கார் உள்ளே இருப்பவருக்கு ஊர் தெரியக் கூடாது என்று செய்தது. தாழ்ந்து, நீண்டு, சிவப்பு வெல்வெட்டில் அமுங்கி உட்கார வேண்டும். ஏசி. பொத்தானை அழுத்தினால் இறங்கும் கண்ணாடி. கியர் தானாகவே விழும். காலுக்கு வேலை பாதி. இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று இறங்கி வந்து காது வைத்துக் கேட்க வேண்டும், அத்தனை அமைதி. எனக்கே அதில் உட்கார்ந்தபோது எழ மனம் வரவில்லை, உள்ளதைச் சொன்னால்.

ஆனால் கடல் காற்று அதைத் தின்றுகொண்டிருந்தது. வாரம் ஒருமுறை கொழுந்தனார் நிக்கல் பாகங்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார். அப்படியும் பம்பரில் அம்மைத் தழும்பு. வலது பின் கண்ணாடி இறங்கினால் ஏறாது, ஏறினால் இறங்காது. வண்டி மாதத்தில் இரண்டு நாள் ஓடினால் அதிகம். மற்ற நாட்களில் வெள்ளைக்கார விருந்தாளிகள் அதில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார்களும் மாமல்லபுரத்தில் அக்கம்பக்கத்தில் நின்றன. பழைய கார் சேகரிக்கும் சென்னைக்காரர் ஒருவர் வந்திருந்தார். வெள்ளையை ஒரு சுற்றுச் சுற்றி, "நல்ல வண்டி. ஆனா இதுபோல நிறைய செஞ்சிருக்கான், பெரிசா ஒண்ணுமில்லை" என்றார். கொழுந்தனார் முகம் சுருங்கியது. பச்சைக்கு வந்தவர் வெட்டுப்பட்ட விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். துக்கம் விசாரிக்க வந்தவர் போலிருந்தது.

"இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? கூரையை வெட்டினவன் கையை வெட்டணும்."

"வெட்டினது நான்தான் சார்" என்றார் என் கணவர்.

"கொன்னுட்டீங்களே! இன்ஜினும் போச்சு. இது இனி கார் இல்ல, வெறும் பொணம்."

"பொணம்னா, முந்தாநேத்து மதுராந்தகத்துல மாப்பிள்ளைய இட்டாந்தது எது சார்?"

கொழுந்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பி யாரைப் பார்த்துச் சிரித்தான் என்று திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவருக்குச் சந்தேகம். அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து ஒருவர் காரைப் பற்றி மற்றவரிடம் பேசுவதை இருவருமே நிறுத்திக்கொண்டார்கள்.

பெண்ணுக்கு இடம் கல்பாக்கத்திலிருந்து வந்தது. பையனின் அப்பாவுக்கு அங்கே அணு ஆராய்ச்சியில் வேலை, பூர்வீகம் பொள்ளாச்சிப் பக்கம், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். பையன் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருந்தான். நல்ல மனிதர்கள், அதில் இன்றுவரை எனக்கு மாற்றுக் கருத்தில்லை. முகூர்த்தம் ஐப்பசியில் அமைந்தது. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் ஐப்பசி என்றால் குடை இல்லாமல் கொல்லைப்புறம்கூடப் போக முடியாது.

சம்பந்தி ஒரு நாள் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் வாங்கிய கையோடு வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. பையனுக்கு மழையில நனைஞ்சா உடனே இழுப்பு வந்துருமுங்க. உங்க தம்பிகிட்ட வெள்ளையா ஒரு மூடுன கார் இருக்குதாமே. அழைப்புக்கு அது கிடைச்சா தேவலைங்க."

என் கணவர் உடனே, "அதுக்கின்னா, ஏற்பாடு பண்ணிடலாம்" என்றார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. நான் சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். பதினைந்து வருஷமாக ஒரு மனிதன் ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறான், இவர் மீன் பையோடு வந்து அதை எடுத்துக்கொண்டு போகிறாரே என்று ஆத்திரம். ஆனால் பையனுக்கு இழுப்பு வந்தால் யாருக்குக் கஷ்டம்? எதிர்த்துப் பேச வழியில்லாத வேண்டுகோள்.

அவர் சும்மா இருக்கவில்லை. மறுநாளே தார்ப்பாய் தைக்கிறவரைக் கூப்பிட்டு, நாலு குழாய் நட்டு, பச்சைக் காருக்கு மேலே ஒரு கூரை கட்டிப் பார்த்தார். தூரத்தில் போய் நின்று பார்த்தார். பானிபூரி வண்டி போல இருந்தது. அவரே அவிழ்த்துப் போட்டார். தொட்டிக்கு மூடியாகிவிட்ட அந்தக் கூரையை வெட்டாமல் வைத்திருந்தால் இந்தப் பேஜார் உண்டா என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அன்று ஏனோ முழுங்கிவிட்டேன்.

தம்பியிடம் கேட்க நானும் கூடப் போனேன். கொழுந்தனார் ஒரு இடைவெளியும் விடாமல், "எத்துகினு போண்ணே. இத்த கேக்கணுமா? எங்கூட்டு பொண்ணு இல்லியா? என் டிரைவரையும் அனுப்பறேன்" என்றார். கர்வமாக ஏதாவது சொல்லியிருந்தாலும் தேவலை என்று இருந்தது. தம்பி கொடுத்த காபியைக் குடிக்காமலே என் கணவர் எழுந்துவிட்டார்.

அழைப்பு நாள் சாயங்காலம் ஒரு பொட்டு மழை இல்லை. வானம் கழுவித் துடைத்தாற்போல இருந்தது. வருணனுக்கு எங்கள் மேல் என்ன கோபமோ.

எங்கள் வழக்கப்படி மண்டப வாசலில் பெண்ணின் அம்மா ஆரத்தி எடுக்க வேண்டும். பிறகு பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்துவர வேண்டும். அவருடைய பட்டு வேட்டி, சட்டை எல்லாம் அறையில் மடித்து வைத்திருந்தேன். வெள்ளைக் கார் ஒழுங்காகக் கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று பழைய அரைக்கைச் சட்டையோடு பிள்ளையார் கோயிலுக்குப் போனார். ஊர்வலம் வருவதற்குள் பைக்கில் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

அங்கே நடந்ததை அப்புறம் பல பேர் சொல்லிக் கேட்டேன். கொழுந்தனாரின் டிரைவர் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் பறந்து பழகியவர். வெள்ளைக் காருக்கோ நிற்கத் தெரியும், பறக்கத் தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே முன்னால் பாயும். முதல் தெரு திரும்புவதற்குள் தவில்காரர் முதுகில் பம்பர் உரசிவிட்டது. "இன்னாபா, மேல ஏத்துவியா?" என்று அவர் குச்சியை ஓங்கிக்கொண்டு திரும்பினார். டிரைவர் பயந்துபோய் ஓங்கி மிதித்தார். பின்னால் மாப்பிள்ளை முன் இருக்கையில் நெற்றியை இடித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

என் கணவர் கதவைத் திறந்து, "எறங்குப்பா" என்றார்.

பைக்கில் பக்கத்தில் நின்ற தம்பிக்குப் பதற்றம். "அண்ணே, வாசல்ல நீ நிக்கணும். மாலை நீ போடணும்."

"நீ போய் நில்லு. சித்தப்பனும் அப்பன் மாதிரிதான். போ."

"மாமா, வேண்டாம் மாமா" என்றாராம் மாப்பிள்ளை. "கண்ணாடிய எறக்கிட்டு நிமிந்து உக்காருப்பா, ஊரு பாக்கட்டும்" என்பதுதான் பதில்.

எனக்கு இது எதுவும் தெரியாது. தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பைக்கில் வந்து இறங்கிய கொழுந்தனார் வேர்த்து வழிந்துகொண்டே மாலையைக் கையில் வாங்கிக்கொண்டார். "அண்ணே வண்டி ஓட்டிகினு வராரு அண்ணி" என்றார். பெண்ணைப் பெற்றவன் மாலை போடாமல் டிரைவர் வேலை பார்க்கிறான் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? கோபம்தான் வந்தது, அதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

பிறகு ஊர்வலம் தெருமுனையில் திரும்பியது. அந்தப் பெரிய வெள்ளைக் கார் மேளத்துக்குப் பின்னால் ஒரு அலுங்கலும் இல்லாமல் வந்தது. நாதஸ்வரக்காரர் நின்றார், நின்றது. நடந்தார், நடந்தது. தவில்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பச்சைக் காரில் சும்மா உட்கார்ந்து செய்த வேலையை என் கணவர் இதில் பிரேக்கின் மேல் கால் நடுங்க நடுங்கச் செய்திருக்கிறார். அன்றிரவு அந்தக் காலுக்குத் தைலம் தேய்த்தது நான்தான். அமெரிக்க வழக்கப்படி ஸ்டியரிங் இடப்பக்கம், மண்டபமும் இடப்பக்கம். தட்டைத் தூக்கிய எனக்கு மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் தெரிந்தது அவர் முகம். சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆரத்தி சுற்றினேன். கொழுந்தனார் மாலை போட்டார். மாப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டு எல்லோரும் உள்ளே நகர்ந்தார்கள். அப்போது மாப்பிள்ளையின் பெரியப்பா, அன்று காலைதான் பொள்ளாச்சியிலிருந்து வந்து இறங்கியவர், ஒரு தட்டோடு டிரைவர் பக்கம் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் காரோட்டிக்கு மரியாதை செய்வது உண்டு. வெற்றிலை பாக்கு, பழம், ஒரு துண்டு.

"அலுங்காம குலுங்காமக் கொண்டாந்துட்டீங்க. இந்தாங்க, வாங்கிக்கோங்க."

கொழுந்தனார் வாயைத் திறந்தார். என் கணவர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இறங்கி நின்று, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கணும் புள்ளைங்க" என்றார். எல்லா ஊர்வலத்தின் முடிவிலும் சொல்கிற அதே வார்த்தை. வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பக்கவாட்டு வழியாக உள்ளே போனார்.

பந்தியில் பெரியப்பாவுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். எச்சில் கையோடு ஓடி வந்தார். "ஏனுங்க, தெரியாமப் போச்சுங்க, உங்களைப் போயி..." என் கணவர் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இன்னா தப்பு இதுல? ஊருல கீற எல்லா வூட்டு மாப்பிள்ளையையும் நான் ஓட்டினேன். எங்கூட்டு மாப்பிள்ளைய எவனோ ஓட்டிகினு வரத வாசல்ல மாலைய வச்சிகினு நின்னு பாக்கச் சொல்றீங்களா?"

பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த கொழுந்தனார் குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உன் வண்டி நல்ல வண்டிதான்டா" என்றார் என் கணவர். "நடக்கத்தான் தெரியல. சொல்லிக் குடுத்துட்டேன்."

மறுநாள் காலை தாரை வார்க்க மணையில் உட்கார்ந்தோம். ஐயர், அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஜரிகை வைத்த பட்டு, காஞ்சிபுரம் போய் நானே எடுத்தது. என் கணவர் அதை வாங்கி என் மடியில் வைத்தார். இடுப்பிலிருந்து, நேற்றுத் தட்டில் வந்த அந்தத் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எதிரே பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் எங்கள் பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார், நான் தண்ணீர் ஊற்றினேன்.